நிகழ்நிலைத் தரவுத்தளக் காப்புநகல்

நிகழ்நிலைத் தரவுத்தளக் காப்புநகல் என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தரவுத்தளத்தை நிறுத்தாமல், அதன் முழு உள்ளடக்கத்தையும் பிறிதோர் இடத்தில் படியெடுத்து வைக்கும் முறை ஆகும். இது வழக்கில் ஆன்லைன் பேக்கப் என்றும் ஹாட் பேக்கப் என்றும் அழைக்கப்படுகின்றது. தரவுத்தளத்தை முற்றிலும் நிறுத்திய பின் அதன் கோப்புகளைப் படியெடுப்பது கோல்டு பேக்கப் எனப்படும். வங்கிகள், தொடர்வண்டி முன்பதிவு, மருத்துவமனைகள், தொலைபேசி நிறுவனங்கள், இணையத்தளங்கள் முதலியவற்றின் தரவுத்தளங்கள் இரவு பகலாக இயங்க வேண்டியிருப்பதால் அவற்றுக்கு நிகழ்நிலைக் காப்புநகலே ஏற்றதாகும்.

இம்முறையின் அடிப்படைச் சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. பெரிய தரவுத்தளம் ஒன்றைப் படியெடுத்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் பயனர்கள் தரவுகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அவ்வாறு எடுக்கப்பட்ட நகலின் ஒரு பகுதி காலை நிலையையும் மற்றொரு பகுதி மாலை நிலையையும் காட்டும். இவ்வாறு கலந்துபோன நகலை ஒரே நேரத்தின் நிலைக்குக் கொண்டுவருவதே நிகழ்நிலைக் காப்புநகல் நுட்பங்கள் யாவற்றின் நோக்கமும் ஆகும்.

== தேவை ==

வட்டுப் பழுது, மின்தடை, தீ, வெள்ளம், மென்பொருள் வழு, தீங்கிழைக்கும் ஊடுருவல், பணியாளரின் தவறான கட்டளை ஆகியவை தரவு இழப்புக்கான முதன்மைக் காரணங்கள் ஆகும். இவற்றுள் முதல் சிலவற்றைக் கூடுதல் வட்டுகளும் கூடுதல் வழங்கிகளும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். தவறான கட்டளையால் அழிந்த அட்டவணையையோ வழுவால் திரிந்த தரவையோ மீட்பதற்குப் பழைய நிலையைக் காட்டும் நகல் தேவை.

சிறிய தரவுத்தளங்களை நள்ளிரவில் சில நிமிடங்கள் நிறுத்திப் படியெடுக்க இயலும். அளவு கூடும்போது இது இயலாததாகின்றது. எடுத்துக்காட்டாக, 10 டெராபைட்டு அளவுள்ள ஒரு தரவுத்தளத்தை நொடிக்கு 200 மெகாபைட்டு வேகத்தில் படியெடுத்தால் 50,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். நொடிக்கு 1 கிகாபிட்டு வேகமுள்ள வலையமைப்பின் வழியாக அனுப்பினால், அதன் முழு வேகமும் கிடைத்தாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாள்தோறும் இவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கக்கூடிய சேவை எதுவும் இல்லை.

காப்புநகல் திட்டம் வகுக்கும்போது இரண்டு அளவுகள் முதலில் முடிவுசெய்யப்படுகின்றன.

* மீட்புப் புள்ளி இலக்கு – விபத்து நேர்ந்தால் எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம் என்பது. நாளுக்கு ஒருமுறை மட்டும் நகல் எடுத்தால் ஏறத்தாழ ஒரு நாள் தரவை இழக்க நேரிடலாம்.
* மீட்பு நேர இலக்கு – விபத்துக்குப் பின் எவ்வளவு நேரத்தில் சேவை மீண்டும் தொடங்க வேண்டும் என்பது. நகலைத் திருப்பி எழுதவும் மேற்குறித்த கணக்குப்படி பல மணி நேரம் ஆகும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

== முரணின்மைச் சிக்கல் ==

ஒரு வங்கித் தரவுத்தளத்தில் அமுதாவின் கணக்கில் 2,000 ரூபாயும் பாலுவின் கணக்கில் 1,000 ரூபாயும் உள்ளன எனக் கொள்வோம். சாதாரணக் கோப்புப் படியெடுப்புக் கட்டளை ஒன்று தரவுக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து படியெடுத்துச் செல்கின்றது. அமுதாவின் பதிவு 2,000 ரூபாயுடன் படியெடுக்கப்படுகின்றது. அதன் பின்னர் அமுதா பாலுவுக்கு 500 ரூபாய் அனுப்புகின்றார். மூலத்தில் இருவர் கணக்கிலும் தலா 1,500 ரூபாய் உள்ளது. சில நிமிடங்கள் கழித்துப் பாலுவின் பதிவு 1,500 ரூபாயுடன் படியெடுக்கப்படுகின்றது. இப்பொழுது நகலில் அமுதாவிடம் 2,000 ரூபாயும் பாலுவிடம் 1,500 ரூபாயும் உள்ளன. மொத்தத்தில் 500 ரூபாய் புதிதாகத் தோன்றிவிட்டது. எந்தக் கணத்திலும் மூலத் தரவுத்தளம் இந்நிலையில் இருந்ததில்லை.

இதனினும் நுண்ணிய சிக்கல் ஒன்று உண்டு. தரவுத்தளங்கள் தரவைப் பக்கங்களாகப் பிரித்து வைக்கின்றன. போஸ்ட்கிரெஸ் எஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் ஆகியவற்றில் ஒரு பக்கம் 8 கிலோபைட்டு; மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அமைப்பில் இயல்பாக 16 கிலோபைட்டு. படியெடுக்கும் நிரல் ஒரு பக்கத்தின் முற்பாதியைப் படித்த பின், பிற்பாதியைப் படிக்குமுன் தரவுத்தளம் அப்பக்கத்தை மாற்றி எழுதினால், நகலில் பாதி பழையதும் பாதி புதியதுமான பக்கம் கிடைக்கும். இது கிழிந்த பக்கம் எனப்படும். இத்தகைய பக்கத்தைத் தரவுத்தளத்தால் நம்பிப் படிக்க இயலாது.

மேலும், அண்மையில் செய்யப்பட்ட மாற்றங்கள் பல நினைவகத்தில் மட்டுமே இருக்கும். தரவுக் கோப்புகளுக்கு அவை பின்னரே எழுதப்படும். ஆகையால், இயங்கும் தரவுத்தளத்தின் கோப்புகளைச் சாதாரணக் கட்டளையால் படியெடுப்பது காப்புநகல் ஆகாது. இவ்வகை நகல் சிலவேளைகளில் தடையின்றித் திறந்துவிடும் என்பதே இதன் பேராபத்து ஆகும். தவறு மாதங்கள் கழித்தே வெளிப்படலாம்.

== முன்னெழுதும் பதிகை ==

இச்சிக்கலுக்கான தீர்வு, காப்புநகலுக்கென உருவாக்கப்படாத ஒரு நுட்பத்திலிருந்து கிடைத்தது. மின்தடையின்போது தரவு கெடாமல் இருப்பதற்காக, தரவுத்தளங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுக் கோப்பில் எழுதுமுன் ஒரு பதிகையில் எழுதி வைக்கின்றன. பதிகை வட்டில் பாதுகாப்பாகச் சேர்ந்த பின்னரே பரிவர்த்தனை முடிந்ததாகப் பயனருக்குத் தெரிவிக்கப்படும். இது முன்னெழுதும் பதிகை எனப்படும். கடைக்காரர் அன்றாட வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு, பின்னர் பேரேட்டில் அந்தந்தக் கணக்கில் ஏற்றுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்புகளில் இக்கோட்பாட்டை விளக்கினார். பரிவர்த்தனைச் செயலாக்கம் குறித்த ஆய்வுகளுக்காக அவருக்கு 1998 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது. இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படும் ஏரீஸ் என்னும் மீட்பு முறை, ஐபிஎம் ஆய்வாளர் சி. மோகனும் அவருடைய உடனாய்வாளர்களும் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் விரிவாகத் தரப்பட்டது. மோகன் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். இன்றைய தரவுத்தள மென்பொருள்கள் பலவற்றின் மீட்பு முறைகள் ஏரீஸ் முறையைத் தழுவியவை.

பதிகையின் துணைகொண்டு கலந்துபோன நகலைச் சீர்செய்யும் முறை பின்வருமாறு:

# படியெடுப்பு தொடங்கும் கணத்தில் பதிகையில் உள்ள இடம் குறித்துக்கொள்ளப்படுகின்றது.
# தரவுக் கோப்புகள், மாறிக்கொண்டிருக்கும் நிலையிலேயே, ஒவ்வொன்றாகப் படியெடுக்கப்படுகின்றன.
# படியெடுப்பு முடியும் கணத்திலும் பதிகையில் உள்ள இடம் குறித்துக்கொள்ளப்படுகின்றது.
# தொடக்க இடத்திலிருந்து முடிவு இடம் வரையுள்ள பதிகை முழுவதும் நகலுடன் சேர்த்து வைக்கப்படுகின்றது.
# மீட்கும்போது, பதிகையில் உள்ள மாற்றங்கள் அனைத்தும் தொடக்கத்திலிருந்து வரிசையாக நகலின் மேல் மீண்டும் செய்யப்படுகின்றன.

ஏரீஸ் வகை முறைகளில், ஒவ்வொரு பக்கத்திலும் அதில் கடைசியாகச் செய்யப்பட்ட மாற்றத்தின் வரிசை எண் பதிக்கப்பட்டிருக்கும். மாற்றத்தை மீண்டும் செய்யும்போது, பக்கத்தின் எண் பதிகையின் எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அம்மாற்றம் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது எனக் கொண்டு விட்டுவிடப்படும். ஆகவே பழைய பக்கங்கள் முன்னேறும்; புதிய பக்கங்கள் அப்படியே இருக்கும். முடிவில் எல்லாப் பக்கங்களும் ஒரே கணத்தின் நிலையை அடையும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், அமுதாவின் கணக்கில் 500 ரூபாய் கழிக்கப்பட்ட மாற்றம் பதிகையில் இருப்பதால், மீட்டபின் அவர் கணக்கில் 1,500 ரூபாயே இருக்கும்.

இந்நகல் குறிப்பது படியெடுப்பு தொடங்கிய கணத்தை அன்று. படியெடுப்பு முடிந்த கணத்தையே என்பது கவனிக்கத்தக்கது. இடைப்பட்ட பதிகையில் ஒரு கோப்பு குறைந்தாலும் நகல் முழுவதும் பயனற்றதாகிவிடும்.

== முறைகள் ==

=== தருக்க முறை ===

இம்முறையில் தரவுக் கோப்புகள் தொடப்படுவதில்லை. ஒரு நிரல், சாதாரணப் பயனரைப் போலத் தரவுத்தளத்துடன் இணைந்து எல்லா அட்டவணைகளையும் படித்து, அவற்றை மீண்டும் உருவாக்கத் தேவையான கட்டளைகளாகவோ வேறு வடிவிலோ எழுதி வைக்கின்றது. பிஜி டம்ப், மைஎஸ்கியூஎல் டம்ப் ஆகியவை இவ்வகையின.

இங்கு முரணின்மை வேறு வழியில் பெறப்படுகின்றது. பல்பதிப்பு ஒருங்கியைவு என்னும் முறையைப் பின்பற்றும் தரவுத்தளங்கள், ஒரு பதிவு மாற்றப்படும்போது அதன் பழைய பதிப்பையும் சிறிது காலம் வைத்திருக்கும். ஆகவே படியெடுக்கும் நிரல், தான் தொடங்கிய கணத்தில் இருந்த பதிப்புகளை மட்டும் கடைசி வரை காணும். மற்றவர்கள் எழுதுவதற்கும் தடை ஏற்படாது.

இம்முறையின் நன்மைகள்: நகலை வேறு பதிப்பு மென்பொருளிலோ வேறு வகைக் கணினியிலோ ஏற்றலாம், ஓர் அட்டவணையை மட்டும் மீட்கலாம், படிக்கும்போதே அட்டவணைகளில் உள்ள சில பழுதுகள் வெளிப்படும். குறைகள்: பெரிய தரவுத்தளங்களுக்கு மிகவும் மெதுவானது, மீட்கும்போது இன்டெக்ஸ்கள் அனைத்தையும் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால் மீட்பு இன்னும் மெதுவாக நடக்கும். மேலும், பல மணி நேரம் நீடிக்கும் ஒரு படியெடுப்பு, பழைய பதிப்புகளைத் துப்புரவு செய்ய விடாமல் தடுப்பதால் தரவுத்தளம் வீங்கும். ஆரக்கிளில் பழைய பதிப்புகளுக்கான இடம் மறுபயன்பாட்டுக்கு எடுக்கப்பட்டுவிட்டால், படியெடுப்பு பாதியில் பிழையுடன் நின்றுவிடும்.

விக்கிமீடியா நிறுவனம் விக்கிப்பீடியாவின் உள்ளடக்கத்தை எக்ஸ்எம்எல் வடிவில் பொதுமக்களுக்கு வெளியிடுகின்றது. அதனைத் தருக்க முறை நகலுக்கு ஒப்பிடலாம். ஆயினும் பயனர்களின் கடவுச்சொல், மின்னஞ்சல் முகவரி போன்ற தனிப்பட்ட தரவுகள் அதில் சேர்க்கப்படுவதில்லை. எனவே கட்டுரைகளை மீட்க அது உதவும். தளத்தை முழுமையாக மீட்க அது மட்டும் போதாது.

=== பௌதிக முறை ===

தரவுக் கோப்புகளையே பக்கம் பக்கமாகப் படியெடுத்து, பதிகையையும் சேர்த்து வைப்பது பௌதிக முறை ஆகும். முந்தைய பிரிவில் விளக்கப்பட்டது இம்முறையே. வட்டின் வேகத்திலேயே நகல் எடுக்கவும் மீட்கவும் இயலும் என்பதாலும், இன்டெக்ஸ்களும் சேர்ந்தே வருவதாலும் பெரிய தரவுத்தளங்களுக்கு இதுவே பெரும்பாலும் பயன்படுகின்றது. குறைகள்: பெரும்பாலும் அதே முதன்மைப் பதிப்பு மென்பொருளில்தான் மீட்க இயலும், பழுதான பக்கங்களும் பழுதாகவே படியெடுக்கப்படலாம். பின்னதைத் தவிர்க்க, ஒவ்வொரு பக்கத்திலும் செக்சம் எனப்படும் சரிபார்ப்புத் தொகையை எழுதிவைத்து, படியெடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

=== நொடிப்படம் ===

ஸ்னாப்ஷாட் எனப்படும் நொடிப்படத்தைக் கோப்பு முறைமையோ சேமிப்புக் கருவியோ எடுக்கின்றது. இசட்எஃப்எஸ், லினக்சின் எல்விஎம் ஆகியவை இவ்வசதியைத் தருகின்றன. நொடிப்படம் எடுக்கும் கணத்தில் தரவு எதுவும் படியெடுக்கப்படுவதில்லை. அக்கணத்துக்குப் பின் ஒரு தொகுதி மாற்றப்பட்டால் அதன் பழைய வடிவம் அழியாமல் காக்கப்படுகின்றது. எனவே பல டெராபைட்டு அளவுள்ள தரவுக்கும் சில நொடிகளில் நொடிப்படம் எடுத்துவிடலாம்.

இவ்வாறு கிடைக்கும் நிலை, அக்கணத்தில் மின்சாரம் நின்றிருந்தால் வட்டு எந்நிலையில் இருந்திருக்குமோ அந்நிலைக்குச் சமம். பதிகையின் துணையால் தரவுத்தளம் அதிலிருந்து தானே மீண்டுவிடும். ஆனால் தரவுக் கோப்புகளும் பதிகையும் வெவ்வேறு வட்டுப் பகுதிகளில் இருந்தால், எல்லாப் பகுதிகளின் நொடிப்படமும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு நொடி வேறுபட்டாலும் நகல் கெட்டுவிடக்கூடும். மேலும், நொடிப்படம் மூலத் தரவு உள்ள அதே கருவியில் இருக்கும்வரை, அக்கருவி பழுதடைந்தால் அதுவும் உடன் அழியும். அதனை வேறிடத்துக்குப் படியெடுத்த பின்னரே அது காப்புநகல் ஆகின்றது.

=== பிரதி வழங்கியிலிருந்து எடுத்தல் ===

முதன்மை வழங்கியின் பதிகையைத் தொடர்ந்து பெற்று, அதே மாற்றங்களைச் செய்துகொண்டிருக்கும் மற்றொரு வழங்கி பிரதி வழங்கி அல்லது ரெப்ளிகா எனப்படும். நகல் எடுக்கும் வேலையைப் பிரதி வழங்கியில் செய்தால் முதன்மை வழங்கியின் வட்டுக்கும் நினைவகத்துக்கும் சுமை ஏறாது. பெரிய நிறுவனங்களில் இது பரவலான வழக்கம். பிரதி வழங்கி பின்தங்கியிருந்தால் நகலும் பின்தங்கியே இருக்கும் என்பதால், அதன் பின்தங்கல் அளவு தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும்.

== குறித்த கணத்துக்கு மீட்டல் ==

பதிகைக் கோப்புகளைப் படியெடுப்பு முடிந்த பின்னரும் தொடர்ந்து வேறிடத்தில் சேர்த்துவந்தால், தரவுத்தளத்தை இடைப்பட்ட எந்தக் கணத்தின் நிலைக்கும் கொண்டுவர இயலும். இது குறித்த கணத்துக்கு மீட்டல் எனப்படும்.

எடுத்துக்காட்டாக, ஞாயிறு இரவு முழு நகல் எடுக்கப்பட்டது எனக் கொள்வோம். புதன்கிழமை காலை 11.40 மணிக்கு ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்துவிடுகின்றார். ஞாயிறு நகலை வேறொரு வழங்கியில் ஏற்றி, திங்கள் முதல் புதன் 11.39 மணி வரையுள்ள பதிகையை மட்டும் செயற்படுத்தி நிறுத்தினால், அட்டவணை அழியுமுன் இருந்த நிலை கிடைக்கும். பதிகையை முழுவதும் செயற்படுத்தினால் அழிப்புக் கட்டளையும் மீண்டும் நிறைவேறிவிடும்.

இம்முறையில் பதிகைச் சேமிப்பு இடையறாது நடைபெறுவது இன்றியமையாதது. போஸ்ட்கிரெஸ் எஸ்கியூஎல்லில், பதிகைக் கோப்பு ஒன்று சேமிப்பிடத்துக்குச் சென்றடைந்தது என்று உறுதியாகும் வரை முதன்மை வழங்கி அதனை நீக்காது. சேமிப்பிடம் நிரம்பியோ தொடர்பு அறுந்தோ போனால், பதிகைக் கோப்புகள் முதன்மை வழங்கியிலேயே குவிந்து, வட்டு நிரம்பித் தரவுத்தளம் நின்றுவிடும். காப்புக்காகச் செய்த ஏற்பாடே சேவையை நிறுத்திவிடும் இந்நிலையைத் தவிர்க்கக் கண்காணிப்பு தேவை.

== மாறியவற்றை மட்டும் படியெடுத்தல் ==

மிகப் பெரிய தரவுத்தளங்களில் நாள்தோறும் மாறுவது மொத்தத் தரவில் ஒரு சிறு பகுதியே. எனவே வாரம் ஒருமுறை முழு நகலும், ஏனைய நாட்களில் மாறிய பக்கங்களின் நகலும் எடுக்கப்படுகின்றன. கடைசியாக எடுத்த முழு நகலுக்குப் பின் மாறிய யாவற்றையும் எடுப்பது வேறுபாட்டு நகல் எனவும், கடைசியாக எடுத்த எந்த நகலுக்கும் பின் மாறியவற்றை மட்டும் எடுப்பது ஏறுமான நகல் எனவும் அழைக்கப்படும். வேறுபாட்டு நகலில் மீட்க இரண்டு நகல்கள் போதும். ஏறுமான நகலில் சங்கிலி போன்ற வரிசை முழுவதும் வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னுள்ளவை பயன்படா.

மாறிய பக்கங்களைக் கண்டறிய முழுத் தரவையும் படித்துப் பார்த்தால் நேரம் மிச்சமாகாது. ஆகவே ஆரக்கிள் 10ஜி பதிப்பு முதல் மாறிய தொகுதிகளின் பட்டியலைத் தனிக் கோப்பில் பேணும் வசதியைக் கொண்டுள்ளது. எஸ்கியூஎல் சர்வர் 64 கிலோபைட்டுப் பகுதிகள் ஒவ்வொன்றும் மாறியதா இல்லையா என்பதைக் குறித்துவைக்கின்றது. போஸ்ட்கிரெஸ் எஸ்கியூஎல் 2024 ஆம் ஆண்டில் வெளியான 17 ஆம் பதிப்பில், பதிகையின் சுருக்கத்தைக் கொண்டு ஏறுமான நகல் எடுக்கும் வசதியைப் பெற்றது.

== தரவுத்தள மென்பொருள்களில் ==

ஆரக்கிள்: 1988 ஆம் ஆண்டில் வெளியான 6 ஆம் பதிப்பில் இயங்கும் நிலையில் நகல் எடுக்கும் வசதி அறிமுகமானது. இதற்குப் பதிகையைச் சேமித்து வைக்கும் ஆர்க்கைவ்லாக் நிலையில் தரவுத்தளம் இயங்க வேண்டும். நகல் நிலையில் இருக்கும்போது ஒரு பக்கம் முதன்முறை மாற்றப்பட்டால், மாற்றம் மட்டுமன்றி அப்பக்கம் முழுவதுமே பதிகையில் எழுதப்படும். இதனால் கிழிந்த பக்கச் சிக்கல் நீங்குகின்றது. பதிகையின் அளவு பெருகுகின்றது. 8 ஆம் பதிப்புடன் வந்த ஆர்மேன் என்னும் கருவி, கிழிந்த பக்கத்தைக் கண்டால் மீண்டும் படித்துக்கொள்வதால் அதற்கு இந்நிலை தேவைப்படுவதில்லை.

போஸ்ட்கிரெஸ் எஸ்கியூஎல்: 2005 ஆம் ஆண்டு வெளியான 8.0 பதிப்பில் குறித்த கணத்துக்கு மீட்கும் வசதி வந்தது. 2011 ஆம் ஆண்டின் 9.1 பதிப்பில் பிஜி பேஸ்பேக்கப் என்னும் கருவி சேர்க்கப்பட்டது. பதிகை இயல்பாக 16 மெகாபைட்டுக் கோப்புகளாகப் பிரித்து எழுதப்படுகின்றது. நகலுடன் வரும் பேக்கப் லேபிள் என்னும் சிறு கோப்பு, பதிகையை எவ்விடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கின்றது. தேவையற்றது என எண்ணி அதனை நீக்கிவிட்டால் தரவுத்தளம் பிழை காட்டாமல் திறந்து, உள்ளே சிதைந்திருக்கக்கூடும்.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி: பழைய மைஐசாம் அட்டவணைகளை முரணின்றிப் படியெடுக்க, எழுதுவதைத் தடுக்கும் பூட்டு இடவேண்டும். 2010 ஆம் ஆண்டின் 5.5 பதிப்பு முதல் மைஎஸ்கியூஎல்லின் இயல்பான அமைப்பாக உள்ள இன்னோடிபிக்குப் பூட்டு இன்றி ஒரே பரிவர்த்தனையில் மைஎஸ்கியூஎல் டம்ப் எடுக்கலாம். ஆனால் அவ்வேளையில் அட்டவணைகளின் அமைப்பை மாற்றினால் நகல் பிழைபடும். பௌதிக நகலுக்கு மைஎஸ்கியூஎல் எண்டர்பிரைஸ் பேக்கப், பெர்கோனா எக்ஸ்ட்ராபேக்கப், மரியாபேக்கப் ஆகிய கருவிகள் உள்ளன. குறித்த கணத்துக்கு மீட்க பின்லாக் எனப்படும் பதிகை பயன்படுகின்றது.

எஸ்கியூஎல் சர்வர்: முழு நகல், வேறுபாட்டு நகல், பதிகை நகல் ஆகிய மூன்றையும் இயங்கும் நிலையிலேயே எடுக்கலாம். முழு நகலிலேயே தேவையான பதிகைப் பகுதியும் சேர்க்கப்பட்டுவிடும்.

== காப்புநகல் எனத் தவறாகக் கருதப்படுபவை ==

ரெய்டு: ஒரே தரவை இரண்டு வட்டுகளில் எழுதும் ரெய்டு முறை வட்டுப் பழுதிலிருந்து காக்கும். ஆனால் அழிப்புக் கட்டளையும் இரண்டு வட்டுகளிலும் ஒரே கணத்தில் நிறைவேறும். ஜர்னல்ஸ்பேஸ் என்னும் வலைப்பதிவுத் தளம் இத்தகைய இரட்டை வட்டுகளையே காப்புநகலாக நம்பியிருந்தது. 2008 ஆம் ஆண்டு இறுதியில் அதன் தரவுத்தளம் இரு வட்டுகளிலும் மேலெழுதப்பட்டு அழிந்தது. மீட்க வேறு நகல் இன்மையால் பயனர்களின் பதிவுகள் இழக்கப்பட்டன.

பிரதி வழங்கி: மாற்றங்கள் சில நொடிகளில் பிரதி வழங்கியையும் சென்றடைவதால், தவறான மாற்றமும் அவ்வாறே சென்றடையும். இதற்கு ஓரளவு தீர்வாக, வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி இயங்கும் பிரதி வழங்கிகள் அமைக்கப்படுகின்றன. மைஎஸ்கியூஎல் 5.6 பதிப்பிலும் போஸ்ட்கிரெஸ் எஸ்கியூஎல் 9.4 பதிப்பிலும் இவ்வசதி சேர்க்கப்பட்டது.

ஒற்றை நகல்: ஒரே நகலின் மேல் மீண்டும் மீண்டும் எழுதிவந்தால், மூலம் கெட்ட நாளில் நகலும் கெட்டுவிடும். மாக்னோலியா என்னும் நூற்குறித் தளத்தின் தரவுகள் 2009 ஆம் ஆண்டு சனவரியில் சிதைந்தன. சிதைந்த கோப்பே காப்பிடத்துக்கும் படியெடுக்கப்பட்டிருந்ததால் அவற்றை மீட்க இயலவில்லை. ஆகவே வெவ்வேறு நாட்களின் நகல்கள் பலவற்றை வைத்திருத்தல் வேண்டும்.

== மீட்டுப் பார்த்தல் ==

நகல் எடுக்கும் நிரல் பிழையின்றி முடிந்தது என்பது, அந்நகலிலிருந்து மீட்க இயலும் என்பதற்குச் சான்று ஆகாது. நகலை உண்மையாகவே வேறொரு வழங்கியில் ஏற்றி, தரவுத்தளத்தைத் திறந்து, பதிவுகளைச் சரிபார்த்த பின்னரே அதனை நம்ப இயலும்.

இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு, 2017 ஆம் ஆண்டு சனவரி 31 அன்று கிட்லேப் இணையத்தளத்தில் நேர்ந்த நிகழ்வு ஆகும். பிரதி வழங்கியைச் சீர்செய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், அதன் தரவுக் கோப்புறையை நீக்குவதாக எண்ணி, முதன்மை வழங்கியின் கோப்புறையை நீக்கினார். தவறை உணர்ந்து ஓரிரு நொடிகளில் கட்டளையை நிறுத்தியபோதிலும், ஏறத்தாழ 300 கிகாபைட்டுத் தரவில் 4.5 கிகாபைட்டு மட்டுமே எஞ்சியது.

அந்நிறுவனத்தில் காப்புநகலுக்கெனப் பல ஏற்பாடுகள் இருந்தன. அவற்றை நாடியபோது பின்வருவன தெரியவந்தன:

* நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய பிஜி டம்ப் நகல்கள் இருக்கவில்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பாக இருக்க, நகல் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் பிழையுடன் நின்றிருந்தது.
* அப்பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களைப் பெறும் வழங்கி ஏற்க மறுத்திருந்ததால் எவரும் அதனை அறியவில்லை.
* மேகக் கணிமைச் சேவையின் வட்டு நொடிப்படங்கள் தரவுத்தள வழங்கிகளுக்கு இயக்கப்பட்டிருக்கவில்லை.
* பிரதி வழங்கியின் தரவு முன்னரே நீக்கப்பட்டிருந்தது.

வேறொரு வேலைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுக்கப்பட்ட ஓர் எல்விஎம் நொடிப்படமே கைகொடுத்தது. அது இருந்த வழங்கியின் வட்டுகள் வேகம் குறைந்தவை ஆகையால், தரவைத் திருப்பிப் படியெடுத்துத் தளத்தை இயக்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட நேரத்தில் உருவாக்கப்பட்ட ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 பயனர் கணக்குகள் ஆகியவற்றின் தரவு இழக்கப்பட்டது. தனியே சேமிக்கப்பட்டிருந்த நிரல் களஞ்சியங்கள் பாதிக்கப்படவில்லை. அந்நிறுவனம் மீட்புப் பணியை நேரலையில் காட்டியதுடன், காரணங்களையும் விரிவாக வெளியிட்டது. ஆகையால் இந்நிகழ்வு மாணவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பாடமாகப் பயன்படுகின்றது.

மீட்புச் சோதனையில் பொதுவாகப் பின்வருவன செய்யப்படுகின்றன:

* நகலை நாள்தோறுமோ வாரந்தோறுமோ தானியங்கியாக ஒரு சோதனை வழங்கியில் ஏற்றுதல்.
* அட்டவணைகளின் பதிவு எண்ணிக்கையையும், கடைசிப் பதிவின் நேரத்தையும் எதிர்பார்க்கும் அளவுடன் ஒப்பிடுதல்.
* மீட்க ஆகும் நேரத்தை அளந்து, மீட்பு நேர இலக்குடன் ஒப்பிடுதல்.
* நகல் வெற்றியடைந்தது என்னும் செய்தி குறித்த நேரத்தில் வராவிட்டால் எச்சரிக்கை எழுப்புதல். பிழைச் செய்தி வரவில்லை என்பதை வெற்றியாகக் கொள்ளலாகாது.

== சேமிப்பும் பாதுகாப்பும் ==

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி பலராலும் பின்பற்றப்படுகின்றது. அதன்படி மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். ஒரு படியாவது வேறிடத்தில் இருக்க வேண்டும். காந்த நாடாக்கள் இன்றும் இதற்குப் பயன்படுகின்றன. 2021 ஆம் ஆண்டில் வந்த எல்டிஓ-9 வகை நாடா ஒன்றில், சுருக்காத நிலையில் 18 டெராபைட்டுத் தரவைப் பதியலாம்.

நகலில் மூலத்தின் தரவுகள் யாவும் இருப்பதால், நகலைத் திருடுபவர் தரவுத்தளத்தையே திருடியவர் ஆவார். எனவே நகல்கள் மறையாக்கம் செய்யப்படுகின்றன. மறையாக்கத்துக்கான திறவுகோலைக் காக்கப்படும் வழங்கியிலேயே வைத்தால், வழங்கி அழியும்போது திறவுகோலும் அழிந்து, நகல் பயனற்றுப்போகும்.

பணயத் தீநிரல்கள் மூலத்தைப் பூட்டுவதோடு, எட்டும் நகல்களையும் அழிக்க முயல்கின்றன. இதனால் முதன்மை வழங்கியின் கடவுச்சொற்களைக் கொண்டு அழிக்க இயலாத வகையிலும், குறித்த காலம் வரை எவராலும் மாற்ற இயலாத வகையிலும் நகல்கள் வைக்கப்படுகின்றன.

== இவற்றையும் பார்க்க ==

* தரவுத்தளம்
* தரவுத்தள மேலாண்மை அமைப்பு
* பரிவர்த்தனைச் செயலாக்கம்
* ரெய்டு
* மறையாக்கம்
* மேகக் கணிமை

பகுப்புகள்: தரவுத்தளங்கள் | கணினிப் பாதுகாப்பு | தரவுச் சேமிப்பு